காசு தீர்ந்த சுவரில் பட்டைகள்

1966-இல் கலிபோர்னியாவின் வடக்குக் கடற்கரையில் ஒரு நீச்சல் குளக் கட்டடம் ஏறக்குறைய முடிந்திருந்தது. காசும் முடிந்திருந்தது. வெளிப்பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடற்காற்றைத் தடுக்க மண்மேடு எழுப்பி, அதன் மறைவில் குளத்தை வைத்து, பக்கத்தில் நீளமாக ஒரு மரச்சுவர். வடிவமைத்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் மூர். அந்தச் சுவருக்குள் இருந்த உடை மாற்றும் அறைகள்தான் பிரச்சினை. குறுகலாக, உயரமாக, வெறும் பலகையோடு நின்றன. உள் அலங்காரத்துக்கு பட்ஜெட் இல்லை.

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும். திட்டத்தின் கடைசி மாதத்தில் எஞ்சி நிற்கும் ஒரே பொருள் சாயம்தான். அங்கேயும் அதுதான் நடந்தது. பார்பரா ஸ்டாஃபாகர் சாலமனைக் கூப்பிட்டார்கள். அவர் விளம்பரப் பலகை எழுதும் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, சில நாட்களில் வேலையை முடித்துவிட்டார். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. ஆளைவிடப் பெரிய எழுத்துகள், அம்புகள், வளைவுகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டைகள்.

சுவரில் பட்டை அடிப்பது அவர் கண்டுபிடிப்பு இல்லை. 1800 வாக்கில் பெர்சியே, ஃபோன்டேன் இருவரும் நெப்போலியனின் மால்மேசான் மாளிகையில் ஆலோசனை அறையை ராணுவக் கூடாரம்போல் கோடு போட்ட துணியால் மூடினார்கள். 1919-இல் மெக்கின்டாஷ் நார்தாம்ப்டனில் ஒரு விருந்தினர் அறைக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைச் சுவரிலிருந்து கூரைவரை ஏற்றினார். ஆனால், இவையெல்லாம் அறை சொன்னபடி கேட்ட பட்டைகள். சுவர் நேராகப் போனால் நேராகப் போகும், மூலை வந்தால் மடங்கும்.

பார்பராவின் பட்டைகள் அறையை மதிக்கவே இல்லை. சாய்ந்து ஓடி, மூலையைத் தாண்டி அடுத்த சுவரில் தொடர்ந்தன. நம் கண் ஒரு அறையின் அளவை மூலைகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மூலையைக் குறுக்கே ஒரு அகலமான நிறம் கடந்துவிட்டால் அந்தக் கணக்கு குழம்பிப்போகும். அறை எங்கே முடிகிறது என்பது சட்டென்று பிடிபடாது. ஒரு தூணைக்கூட நகர்த்தாமல் இடத்தின் வடிவத்தை மாற்றும் வேலை இது. பொறியியல் படிப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை என்பது என் மனக்குறை.

இந்தக் கை எங்கிருந்து வந்தது? பார்பரா 1928-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், நடனம் கற்றவர். திரைப்படக் கலைஞரான கணவர் ஃப்ராங்க் ஸ்டாஃபாகர் 1955-இல் இறந்தபோது கையில் சின்னக் குழந்தை. ஓவியம் சோறு போடாது என்று, அடுத்த ஆண்டு குழந்தையோடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய் ஆர்மின் ஹோஃப்மனிடம் வரைகலை படித்தார். ஹோஃப்மனின் பள்ளி கண்டிப்பானது. கோடு சுத்தமாக இருக்க வேண்டும், எழுத்து தெளிவாக இருக்க வேண்டும், ஒன்றும் மிகையாக இருக்கக் கூடாது. வடிவமைப்பு என்பது சமூகத்துக்கான சேவை என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர் அந்தக் கண்டிப்பை கலிபோர்னியாவின் பிரமாண்டத்தோடு கலந்துவிட்டார். பாசலில் தாளில் போட்ட கோடு இங்கே சுவரளவுக்கு வளர்ந்தது.

1967-இல் சி. ரே ஸ்மித் என்ற விமர்சகர் இந்தப் போக்குக்கு 'சூப்பர்கிராஃபிக்ஸ்' என்று பெயர் வைத்தார். அப்புறம் கேட்கவா வேண்டும்? சில ஆண்டுகளில் கடைகளும் அலுவலகங்களும் வீட்டு வரவேற்பறைகளும் பட்டை அடிக்கத் தொடங்கின. 70-களின் பத்திரிகைப் படங்களில் வரும் அந்த ஆரஞ்சு-பழுப்புக் கோடுகளெல்லாம் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலானவை அழகில்லை என்பது என் கருத்து. கோடு மட்டும் வந்தது, கண்டிப்பு வரவில்லை.

ஆனால், என்னை உறுத்துவது வேறு. அந்தக் குளம் இருந்த இடத்தின் பெயர் சீ ரான்ச். முன்பு ஆட்டுப் பண்ணை. ஹவாய் நிறுவனம் ஒன்று வாங்கி, நிலத்தோடு இசைந்து வாழும் குடியிருப்பு என்று திட்டமிட்டது. நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் உட்பட பலர் அந்த லட்சியத்தை உண்மையாகவே நம்பினார்கள். ஆட்டுக்கொம்பையும் கடலலையையும் இணைத்து அதற்குச் சின்னம் வரைந்தவரும் பார்பராதான். நடைமுறையில் அது வசதியானவர்களின் விடுமுறை வீட்டுத் திட்டமாகிவிட்டது. சுமார் 16 கிலோமீட்டர் கடற்கரைக்குப் பொதுமக்கள் போக அப்போது வழியில்லாமல் போனது. அதை எதிர்த்து எழுந்த குரல்களும் சேர்ந்துதான், 1972-இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து, கடற்கரைப் பாதுகாப்புக்கென்று ஓர் ஆணையத்தை உருவாக்கினார்கள்.

எல்லோருக்கும் புரியும் குறியீடு என்று பாசலில் கற்றது, கடைசியில் நிலம் விற்கும் சின்னமாக முடிந்தது. இது பார்பராவுக்கே உறுத்தியிருக்கிறது. பிற்காலத்தில் இதைப் பற்றிக் கசப்போடு எழுதியிருக்கிறார். புகழ் உச்சத்தில் இருந்தபோதே மெல்ல விலகி, பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாணவியாகத் திரும்பி, நிலவடிவமைப்பு படித்து, தோட்டங்களைப் பற்றி நூல் எழுதினார். சூப்பர்கிராஃபிக்ஸ் வரலாற்றில் அவருடைய பெயர் வெகுகாலம் மூர் போன்றவர்களின் பெயருக்குப் பின்னால்தான் வந்தது. மீண்டும் தேடி வந்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

2023-இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் அவரிடம் சுவரைக் கொடுத்தது. பட்டைகளே போட்டார். 2024 மே மாதம், 95 வயதில் இறந்தார்.