கட்டுமானத் தளத்தில் இழிவுபடுத்தல்: மேஸ்திரி முறையும் பொறுப்பின் எல்லையும்

தொழிலாளி ஒருவரைத் தொடர்ந்து ஏசுதல், பலர் முன் அவமதித்தல், மிகைச் சுமையைத் தண்டனையாக ஏற்றுதல், கூலியை இழுத்தடித்தல் ஆகியவற்றை ஒருசேரப் பணியிட இழிவுபடுத்தல் எனலாம். கட்டுமானத் தொழிலில் இது பற்றிப் பேச்செடுக்கப்படும்போதெல்லாம், கடும் வேலைக்குக் கடும் பேச்சு இயல்பே என்னும் சமாதானம் சொல்லப்படுகிறது. தமிழகத் தளங்களின் வேலையமைப்பை நோக்க, ஏச்சு அங்கே தனிமனிதக் குணக்கேடு என்பதைவிட வேலை வாங்கும் முறையின் உறுப்பு என்பதே பொருந்தும்.

உரிமையாளர் ஒப்பந்ததாரரிடமும், அவர் துணை ஒப்பந்ததாரரிடமும் ஒப்படைக்கும் வேலை இறுதியில் மேஸ்திரியின் தலையில் வந்து நிற்கிறது. ஆட்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, வேலை வாங்கி, வாரக் கடைசியில் பட்டுவாடா செய்யும் அவருக்கு, பேசிய தொகைக்குள் வேலை முடிந்தால்தான் மிச்சம். காலக்கெடுவை நீட்டவோ கூலியை உயர்த்தவோ இயலாத அவர் கையில் எஞ்சுபவை வசைச்சொல்லும், நாளை வர வேண்டாம் என்னும் மிரட்டலுமே. நியமன ஆணை ஏதுமற்ற நாட்கூலிக்கு மறுநாள் அழைப்பு வராமையே பணிநீக்கம். முன்பணம் பெற்றவரோ தாமாக விலகவும் முடியாது. கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாளாகச் சேரும் பெண் பல்லாண்டு அனுபவத்திற்குப் பின்னும் கொத்தனாராவது அரிது என்பதால், தம்மினும் இளைய ஆண்களின் ஒருமை விளியையும் சீண்டலையும் வேலையின் பகுதியாகவே ஏற்க நேர்கிறது. வடமாநிலத் தொழிலாளருக்கோ முறையிடும் மொழியும் இல்லை.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2025 வரை நடப்பிலிருந்த, கட்டுமானத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் சாரத்தின் உறுதி, குடிநீர், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் வரை பேசினாலும், சொல்லால் நேரும் தீங்கைத் தொடவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் நாட்கூலிப் பெண்களையும் உள்ளடக்கி, பத்துப் பேருக்கும் குறைவான பணியிடங்களின் புகார்களை மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் விடுகிறது. ஆனால், மூன்று மாதத்திற்குள் புகார் தர வேண்டுமென்பது, தளம் விட்டுத் தளம் மாறும் சித்தாளுக்கு எளிதன்று. சாதி வசைக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. பாலியலோ சாதியோ சாராத அன்றாட ஏச்சும் அச்சுறுத்தலும் இவற்றின் இடைவெளியில் நழுவிவிடுகின்றன.

இங்கே கைகொடுக்கக்கூடியது வேறொரு சட்டத்தின் கோட்பாடு. ஒப்பந்ததாரர் கூலி தராவிடில் முதன்மை முதலாளி, அதாவது வேலையை ஒப்பந்தத்திற்கு விட்டவர், அதனைத் தர வேண்டுமென 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதைத் தொடர்கிறது. களத்தில் இல்லாத முதலாளி ஏச்சுக்கு எவ்வாறு பொறுப்பாவார் என்று கேட்கலாம். பட்டுவாடாவின்போதும் அவர் அங்கில்லை, எனினும் கூலிப் பொறுப்பு அவரைச் சேர்கிறது. மேஸ்திரிக்கு நன்னடத்தை போதிப்பதைவிட இப்பொறுப்பை இழிவுபடுத்தலுக்கும் விரிப்பதே பயன் தரும். ஆனால், இதற்குத் துணை நிற்கக்கூடியதாக, முறைசாராத் தொழிலாளரையும் உள்ளடக்கி, பணியிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.