விலைப்பட்டியல் சொல்லும் சரித்திரம்

தபால்வழி வணிகம் பற்றி மலருக்கு எழுதித் தரக் கேட்டார்கள். வி.பி.பி.யில் புத்தகம் வரவழைத்த பழைய பழக்கத்தை நம்பி ஒப்புக்கொண்டேன். இந்த வணிகத்தில் மூத்த நிறுவனங்களில் ஒன்று, சிகாகோவின் மான்ட்கோமரி வார்டு கம்பெனி. அதன் வரலாற்றைத் தேடினால் முதலில் வழி மறிப்பது அதன் பெயர்தான். கம்பெனி 2001-இல் மூடப்பட்டது. பெயரை மட்டும் 2004-இல் வேறொரு நிறுவனம் வாங்கி இணையத்தில் கடை திறந்தது. அங்கே போய் விசாரிப்பது, தத்துப்பிள்ளையிடம் பாட்டனாரின் பால்யத்தைக் கேட்பதுபோல.

கம்பெனியைத் தொடங்கிய ஆரன் மான்ட்கோமரி வார்டு, கிராமத்துக் கடைகளுக்குச் சரக்கு விற்று ஊர் ஊராக அலைந்தவர். மொத்த விலைக்கும் குடியானவர் கொடுக்கும் விலைக்கும் நடுவே எத்தனை கைகள் என்பது அவருக்குத் தெரியும். நேரடியாக விற்கலாம் என்று முதலில் சேர்த்த சரக்கு 1871-இல் சிகாகோவை அழித்த தீயில் போயிற்று. மறு வருஷம் ஆகஸ்டில் ஒரே ஒரு தாளில் 163 பொருள்களை விலையோடு அச்சிட்டு அனுப்பினார். கிரேஞ்ச் என்ற விவசாயிகள் இயக்கத்தார்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

தொடக்க காலத்துக்கு நல்ல சாட்சி யார் என்றால், எதிரிகள்! 1873 நவம்பரில் 'சிகாகோ டிரிப்யூன்' வார்டு கம்பெனியாரை மோசடிக்காரர்கள் என்று எழுதியது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, கடையும் இல்லை, தபால் பெட்டி எண் மட்டும்தான் இருக்கிறது என்பவை குற்றச்சாட்டுகள். சில வாரங்களில் பத்திரிகை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் முகம் தெரியாதவனுக்குப் பணம் அனுப்ப அன்றைய மனிதர் எவ்வளவு தயங்கியிருப்பார் என்பதை அந்த வசைதான் நமக்குச் சொல்கிறது. பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று வார்டு 1875-இல் உறுதி கொடுத்தது இந்தத் தயக்கத்துக்கான மருந்து.

அடுத்த சாட்சி விலைப்பட்டியல். 1895-இன் 57-ஆம் பட்டியல் மறுபதிப்பாகவே கிடைக்கிறது. சேணம், தையல் இயந்திரம், கடிகாரம், துணிமணி என்று அறுநூறு பக்கங்களுக்கு மேல் போகும். பொருள்களைவிட, அனுப்பும் முறை பற்றிய குறிப்புகளில்தான் என் கண் நின்றது. அன்று அமெரிக்கத் தபாலில் நான்கு பவுண்டுக்கு மேல் பொட்டலம் அனுப்ப முடியாது. கனமான சரக்கெல்லாம் ரயிலில்தான் வரும், வாங்குபவர் வண்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோகும் ஏற்பாடு 1896-இல்தான் தொடங்கியது. பார்சல் தபால் வந்தது 1913-இல். அந்த ஆண்டுதான் வார்டு காலமானார்.

ஊர்க்கடைக்காரர்கள் இந்தப் பட்டியல்களைச் சேகரித்து வீதியில் கொளுத்தியதுண்டு. புதுசு வந்ததும் பழசு கழிப்பறைக்குப் போவது வீட்டு வழக்கம். அப்படித் தொலைந்த தாளைத்தான், 1900-க்கு முன் அச்சாகி அமெரிக்க வாழ்வைப் பாதித்த நூறு நூல்களில் ஒன்றாக நியூயார்க்கின் குரோலியர் கிளப் 1946-இல் சேர்த்தது. கம்பெனியின் சொந்தக் காகிதங்களைப் பார்க்க, சிகாகோவை விட்டு வயோமிங் மாநிலத்தின் லாரமிக்கு, அங்குள்ள பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

வழக்குக் கட்டுகளையும் விடக்கூடாது. சிகாகோ ஏரிக்கரையில் கட்டடம் எழும்பக்கூடாது என்று 1890 முதல் 1911 வரை வார்டு நீதிமன்றம் ஏறினார். ஊர்ப் பெரியவர்கள் அவரைச் சபித்தார்கள். இன்று அங்கே கிராண்ட் பூங்கா. புகைப்படம் என்றால் 1944-இல் எடுத்தது ஒன்று போதும். தொழிற்சங்க விவகாரத்தில் அரசு உத்தரவை மீறிய கம்பெனித் தலைவர் சூவெல் ஏவரியை, உட்கார்ந்த வாக்கில் இரண்டு சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். மனிதர் கைகட்டி அமர்ந்திருக்கிறார்.

போட்டியாளரான சியர்ஸ் கம்பெனி முந்திக்கொண்ட கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். வார்டின் பொதுப் பட்டியல் 1985-இல் நின்றது. அதற்கு வெகு முன்பே, 1939 கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி பின்னாளில் திறந்த கடைகளுக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க, விளம்பரப் பிரிவு ஊழியர் ராபர்ட் மே ஒரு கதை எழுதினார். சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபின் கதை அது. 1947-இல் உரிமையைக் கம்பெனி அவருக்கே கொடுத்துவிட்டது.

கடைகளை மூடும் அறிவிப்பு வந்த நாள் 2000 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள்.