138-க்கு அடுத்தது

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரம். அதில் கிருமியைக் கரைத்து லேசாக ஆட்டினால் திரிந்த பால்போலக் கட்டி கட்டியாகச் சேர வேண்டும். சேர்ந்தால் காலரா. 1992 அக்டோபரில் சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமி அப்படிச் சேரவில்லை. படுக்கையில் கிடந்தவர்களுக்கோ அரிசி கழுவிய தண்ணீராகப் பேதி. கண் குழிந்து, தோல் சுருங்கி, வாந்திபேதியின் எல்லாக் குறியும் இருந்தன.

விப்ரியோ காலரே என்ற இனத்தை மேலுறையின் சர்க்கரைப் பொருளை வைத்து 138 வகையாக அன்று பிரித்திருந்தார்கள். கொள்ளைநோயாகப் பரவுவது ஓ-1 மட்டும் என்பது பாடம். மீதி 137-க்கும் 'ஓ-1 அல்லாதவை' என்று ஒரே பெயர். அங்கொருவர் இங்கொருவருக்குப் பேதி வரவைக்கும், ஊரை வாரிக்கொண்டு போகாது என்று ஓரமாக வைக்கப்பட்டவை அவை. தகடு 'இல்லை' என்றதும் பதிவேட்டை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வகத்திலும் இதே 'இல்லை' பெருகியது. ஓ-1 குறையக் குறைய, ஓரமாக வைத்த வகை ஏறியது. எம்.வி. ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் இந்த மாற்றத்தை 1993-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். முந்தைய கணக்கு கையில் இல்லாதவர்களுக்கு இது மாற்றம் என்றே தெரிந்திருக்காது. கண்காணிப்பு என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் முக்கால்வாசி இந்தச் சலிப்பூட்டும் கணக்கெழுத்துதான்.

கிருமி அதற்குள் கிளம்பிவிட்டது. நவம்பரில் கொல்கத்தா, டிசம்பரில் தெற்கு வங்கதேசம். 1993-இன் முதல் சில மாதங்களில் அங்கே மட்டும் நோயாளிகள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். பிறகு பாகிஸ்தான், தாய்லாந்து, சீனா. டோக்கியோவில் 138 வகைச் சீரத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எதிலும் கட்டவில்லை. ஆகவே 139 என்ற எண் விழுந்தது. வங்காள விரிகுடாக் கரையோரம் முதலில் அகப்பட்டதால் 'பெங்கால்' என்ற ஒட்டுப்பெயரும் சேர்ந்தது. சென்னைக்காரர்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம்.

காலரா பழகிய ஊர்களில் அது அதிகம் வாட்டுவது குழந்தைகளை. பெரியவர்கள் பலமுறை கிருமியைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் சேர்த்திருப்பார்கள். இம்முறை விழுந்தவர்களில் பெரியவர்களே அதிகம். ஆய்வகத்துச் சீரம் ஏமாந்த அதே இடத்தில் அவர்கள் உடம்பும் ஏமாந்திருந்தது. எல்டார் என்ற பழைய ஓ-1 கிருமியே வேறொன்றிடமிருந்து மரபணுத் துண்டை வாங்கி, மேலுறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே நஞ்சு அதேதான்: 1959-இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே முயல் குடலில் சோதித்து நிறுவிய நஞ்சு. அந்த நஞ்சுக்கான மரபணுவே ஒரு வைரஸ் சுமந்து வந்து கொடுத்தது என்று 1996-இல் தெரிந்தது. எல்லாம் இரவல் சொத்து.

ஓ-139 அதிக காலம் ஆளவில்லை. ஓரிரு ஆண்டில் ஓ-1 திரும்பி வந்து இடத்தைப் பிடித்தது. இடையில் சிலமுறை தலைதூக்கிய புதியது, 2000-களின் நடுவுக்குப் பிறகு இந்தியாவில் அரிதாகிப் போனது. ஆனாலும் 2009-இல் ஐதராபாத்தில் தயாராகி வந்த ஷான்கால் என்ற காலரா தடுப்புச் சொட்டு மருந்தில் அதற்கும் பங்கு இருந்தது. ஆய்வகங்களில் ஓ-139-க்கென்று இரண்டாவது சீரம் குப்பி ஒன்றும் நிலைத்துவிட்டது.

தொண்டூர் போன்ற சிற்றூரில் இன்று ஒரே தெருவில் நாலைந்து பேருக்குப் பேதி என்றால் பாதை இப்படிப் போக வேண்டும். முதலில் கிராம சுகாதார செவிலியரின் பதிவு. 2004-இல் தொடங்கிய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் தாளில் போன கணக்கு இப்போது இணையத்தில் ஏறுகிறது. ஒருபுறம் டேங்க் தண்ணீரில் குளோரின் பார்ப்பார்கள். மறுபுறம் மாத்திரை விழுங்குமுன் பஞ்சுக் குச்சியில் மலம் எடுத்து, கேரி-பிளேர் குழாயில் செருக வேண்டும். அந்தக் கூழில் உணவு மிகக் குறைவு. கிருமி பெருகாது, எளிதில் சாகவும் சாகாது. ஐஸ்பெட்டி இல்லாமலே சில நாள் தாங்கும். பஸ்ஸில் கொடுத்தனுப்பும் ஊருக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது.

ஆய்வகத்தில் பெப்டோன் நீரில் சில மணி நேரம் ஊறி, டி.சி.பி.எஸ். என்ற வளர்ப்புத் தட்டில் மஞ்சள் புள்ளிகளாக முளைத்த பின் மறுபடி கண்ணாடித் தகடு. முதலில் ஓ-1 சீரம். கட்டவில்லையென்றால் ஓ-139. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்க நேர்ந்ததை நினைத்தால் முதல் குப்பிக்கு இன்னும் வேலை இருக்கிறது. எனக்கு ஆர்வமெல்லாம் இரண்டு குப்பிக்கும் கட்டாத மாதிரிகளின் மேல்தான். அவற்றைக் கழுவி ஊற்றாமல் கொல்கத்தாவில் காலராவை ஆராயும் தேசிய நிறுவனம் வரை அனுப்பி வைக்கிறவர் யார், அதற்கான தபால் செலவை எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்பதை அந்தந்த மாவட்டத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும்.