போர்வையில் எழுதிய கதைகள்

'தையல்' என்னும் சொல் தமிழில் பெண்ணையும் குறிக்கும், ஊசித்தொழிலையும் குறிக்கும். தையலை வீட்டுவேலை என்றும் ஓவியத்தைக் கலை என்றும் பிரித்துவைத்தவர்கள் நம்மவர் மட்டுமல்லர். அமெரிக்காவிலும் அவ்வாறே. அப்பிரிவினையை ஊசிகொண்டே கிழித்தவர் ஃபெய்த் ரிங்கோல்ட் அம்மையார் (1930-2024).

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிற் பிறந்த கறுப்பினப் பெண்மணி அவர். தாயார் வில்லி போசி ஆடை வடிவமைப்பாளர். அடிமையாயிருந்த மூதாட்டி ஒருவர் வெள்ளை எசமானர் வீட்டிற்குப் போர்வை தைத்தவர். துண்டுத்துணிகளை இணைத்து, இடையே பஞ்சு பரப்பி, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் அப்போர்வையைக் 'குவில்ட்' என்பர்.

1972-இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அம்மையார் திபெத்திய 'தங்கா' ஓவியங்களைக் கண்டார். மரச்சட்டம் இல்லை, பட்டுத்துணியே விளிம்பு. சுருட்டி எடுத்துச் செல்லலாம். ஊர் திரும்பியதும் தம் ஓவியங்களுக்குத் தாயாரைக்கொண்டு துணிவிளிம்பு தைப்பித்தார். 1980-இல் இருவரும் சேர்ந்து, ஹார்லெம் மக்களின் முகங்கள் நிறைந்த முதற்போர்வையை உருவாக்கினர். மறு ஆண்டே தாயார் மறைந்தார்.

இதற்கிடையே அம்மையார் தன்வரலாறு எழுதிப் பதிப்பாளரைத் தேடினார், கிடைக்கவில்லை. அச்சிடுவாரில்லையேல் என்ன, துணி இருக்கிறதே என்று கருதினார் போலும்! 1983 முதல் போர்வையிலேயே கதை எழுதலானார். பஞ்சிலிருந்து நூல் பிறத்தலை நன்னூலார் உவமையாகக் கூறினார். இங்கு அவ்வுவமை மெய்யாகவே நிகழ்ந்தது.

அவற்றுள் 1988-இல் செய்த 'தார் பீச்' தலையாயது எனத் துணிந்து கூறுவேன். கடற்கரை செல்ல வசதியற்ற குடும்பம், தார் பூசிய மொட்டைமாடியில் கோடை இரவைக் கழிக்கிறது. பெரியோர் சீட்டாட, எட்டு வயதுச் சிறுமி கேஸி தம்பியுடன் படுத்திருக்கிறாள். மேலே, ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின்மீது பறப்பவளும் அவளே! நடுவில் வண்ண ஓவியம். சுற்றிலும் பூத்துணிக் கட்டங்கள். மேலும் கீழும் கையால் எழுதிய கதை வரிகள். கட்டடத் தொழிலாளியான தந்தையை நிறத்தின் பொருட்டுத் தொழிற்சங்கம் சேர்த்துக்கொள்வதில்லை. அச்சங்கத்தின் கட்டடத்தைப் பறந்து கடந்தால் அது தந்தைக்கு உரிமையாகிவிடும் என்பது சிறுமியின் கணக்கு. ஐஸ்கிரீம் ஆலையையும் அவள் விடுவதாக இல்லை. வறுமையைப் பாடுங்கால் நம் கவிஞர்கள் இந்தக் குறும்பை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இப்போர்வை குகன்ஹைம் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. 1991-இல் சிறுவர் நூலாகவும் வெளிவந்தது. பதிப்பாளர் கிடைக்காத தன்வரலாறு அச்சேறியது 1995-இல்; அதற்குள் கதைப்போர்வைகள் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.