காகிதத்தில் விழுந்த மூன்று கோல்கள்

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் முதல் சுற்று எங்கே நடந்தது என்று கேட்டால் கட்டார், ரஷ்யா, பிரேசில் என்றுதான் எல்லோரும் சொல்வோம். டிவியில் பார்த்தது அதுதானே. முப்பத்திரண்டு அணிகள், எட்டுப் பிரிவுகள், இரவெல்லாம் முழிப்பு. ஆனால் உலகக் கிண்ணம் என்ற கதை அதற்கு மூன்று வருடம் முன்பே, கொழும்பில் ஒரு வேலை நாளில், பெரிய ஆரவாரம் ஏதும் இல்லாமல் தொடங்கிவிடுகிறது. இலங்கைக்குப் பல தடவை அங்கேயே முடிந்தும் விடுகிறது.

கண்டியில் இருந்துகொண்டு உதைபந்தாட்டம் பற்றி எழுதுவது கொஞ்சம் சங்கடமான வேலை. இது றக்பி ஊர். 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் போகம்பறையில் மோதிய நாளிலிருந்து இந்த ஊர் முட்டை வடிவப் பந்தின் பின்னால்தான் ஓடுகிறது. நித்தவெலயில் மேட்ச் என்றால் ஊருக்கே தெரியும். வட்டப் பந்தைத் தேடி நீங்கள் தோட்டப் பக்கம்தான் போக வேண்டும். லயத்துக்கு முன்னால் சரிவாகக் கிடக்கும் துண்டு நிலம், நாலு கல்லு வைத்த கோல் கம்பம், பந்து தேயிலைக்குள் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் தேடுவது. அந்தப் பொடியன்களிடம் மெஸ்ஸியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். இலங்கை அணி கடைசியாக யாரோடு ஆடியது என்று கேட்டால் சிரிப்பார்கள். கம்பஸ் போடிங்கில் நாங்களும் அப்படித்தான்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் தேடிப் பார்த்தோம். கிடைத்த கதை சிரிக்கிற மாதிரி இல்லை.

180 நிமிடம், நாலு வருடம்

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். 2018, 2022 உலகக் கிண்ணங்களுக்கான ஆசியத் தகுதிகாண் போட்டிகளில் மொத்தம் 46 நாடுகள். தரவரிசையில் மேலே உள்ள 34 அணிகளும் நேரடியாக இரண்டாம் சுற்றுக்குப் போய்விடும். கடைசிப் பன்னிரண்டு மட்டும் சோடி சோடியாகப் பிரிந்து முதல் சுற்றில் ஆடும். சொந்த ஊரில் ஒரு மேட்ச், வெளியூரில் ஒரு மேட்ச். இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்து, அதிகம் அடித்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. வெளியே என்றால் அடுத்த உலகக் கிண்ணத் தகுதிகாண் வரைக்கும் நாலு வருடக் காத்திருப்பு. ஒரு வீரரின் நல்ல வயதில் அது பாதி.

இலங்கையின் கணக்கைப் பாருங்கள். 2003இல் லாவோஸோடு வெளியூரில் 0–0, கொழும்பில் 3–0; தாண்டினோம். 2007இல் கட்டாரிடம் தோல்வி. 2011இல் பிலிப்பைன்ஸோடு கொழும்பில் 1–1, மணிலாவில் 0–4. 2015இல் பூட்டான், 2019இல் மக்காவு, 2023இல் யேமன். ஆறு முதல் சுற்றுகளில் தாண்டியது இரண்டு: ஒன்று ஆடி, மற்றது ஆடாமல்.

பூட்டான் வந்த வியாழன்

2015 மார்ச் 12, வியாழக்கிழமை. கொழும்பு சுகததாச விளையாட்டரங்குக்கு வந்த பூட்டான், அப்போது ஃபிஃபா தரவரிசையில் 209ஆவது இடத்தில், அதாவது கடைசி இடத்தில் இருந்தது. அதற்கு முன் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி ஒன்றில்கூட அந்த நாடு ஆடியதில்லை. 2002இல், யோகோஹாமாவில் பிரேசிலும் ஜெர்மனியும் இறுதிப் போட்டி ஆடிய அதே ஜூன் 30ஆம் திகதி, திம்புவில் உலகின் கடைசி இரண்டு அணிகளான பூட்டானும் மொன்செராட்டும் மோதின. 'தி அதர் ஃபைனல்' என்ற ஆவணப்படம் அதைப் பற்றியதுதான். அதில் பூட்டான் 4–0 என வென்றது. உலகத்துக்குப் பூட்டான் உதைபந்தாட்டம் என்றால் அந்தப் படம்தான்.

சுகததாசவில் 84ஆவது நிமிடத்தில் ஷெரிங் டோர்ஜி அடித்த ஒரே கோலால் அந்தப் பூட்டான் வென்றது. ஐந்து நாள் கழித்து திம்புவின் சாங்லிமிதாங் அரங்கில், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றர் உயரத்தில், மறு ஆட்டம். தொடக்கத்திலேயே சென்சோ கியெல்சென் கோல் அடித்தார். சர்வான் ஜோஹர் சமப்படுத்தினார். இன்னும் ஒரு கோல் கிடைத்தால் வெளியூர்க் கோல் விதிப்படி இலங்கை உள்ளே. அந்தக் கோல் வரவில்லை. 90ஆவது நிமிடத்தில் சென்சோ மறுபடியும் அடித்தார், 2–1. பின்னாளில் இந்தியக் கழகங்களில் ஆடியதால் நம்மில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

அந்தத் தோல்வியை அவமானம் என்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பூட்டான் ஆடியது, வென்றது. அடுத்த சுற்றில் கட்டாரிடம் 0–15 வாங்கியும், மீதி ஆட்டங்களை ஆடி முடித்தது. முதல் சுற்று என்பது இந்த மாதிரி நாடுகளுக்காகத்தானே இருக்கிறது. நாங்கள் யோசிக்க வேண்டியது தோற்ற கதையை அல்ல, 'வென்ற' கதையை.

மக்காவு வராத செவ்வாய்

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். இதைத் தமிழ் வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ஆறு வாரம் கழித்து இலங்கை அணி முதல் சுற்றுக்குக் கிளம்பியது. ஜூன் 6ஆம் திகதி சீனாவின் சுஹாய் நகரில் மக்காவு 1–0 என வென்றது. மறு ஆட்டம் ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, கொழும்பில். இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இலங்கை உள்ளே. கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை.

மக்காவு வரவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களுடைய சங்கம் அணியை அனுப்ப மறுத்தது. மாத முடிவில் ஃபிஃபா தீர்ப்புச் சொன்னது: இலங்கைக்கு 3–0. கூட்டினால் 3–1. இலங்கை இரண்டாம் சுற்றில்.

பதிவேட்டில் அது வெற்றி. யாரும் உதைக்காத மூன்று கோல்கள், ஒரு காகிதத்தில் விழுந்தன. அந்த மூன்று கோல்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் கை தட்ட வராது.

இதில் மக்காவு வீரர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களில் பலர் வந்து ஆடத்தான் விரும்பினார்கள். சங்கத்தின் முடிவு மீதான கோபத்தில், உள்ளூர்க் கிண்ணப் போட்டி ஒன்றில் இரண்டு அணிகளும் தடுக்காமல் மாறி மாறிக் கோல் அடித்து, ஆட்டத்தை 21–18 என்று முடித்தன. முப்பத்தொன்பது கோல். பகிடி மாதிரித் தெரிந்தாலும், ஆட விடாதவர்களுக்கு ஆட்டக்காரர்கள் காட்டிய எதிர்ப்பு அது. அவர்களுக்கும் அந்த 180 நிமிடத்துக்குப் பின்னால் நாலு வருடம் இருந்தது.

அஸ்கிரிய நினைவூட்டுவது

இலங்கைக்கு அணிகள் வர மறுத்தது இது முதல் தடவை இல்லை. இங்கேதான் கண்டி கதைக்குள் வருகிறது.

1996 கிரிக்கெட் உலகக் கிண்ணம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, ஜனவரி 31இல், கொழும்பு மத்திய வங்கி மீது விடுதலைப் புலிகளின் குண்டுத் தாக்குதல் நடந்தது. தொண்ணூறு பேரளவில் இறந்தார்கள். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் வர மறுத்தன. இரண்டு ஆட்டங்களின் புள்ளிகளும் இலங்கைக்கு ஆடாமலே வந்தன. ஆனால் பெப்ரவரி 13ஆம் திகதி இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து, 'நாங்கள் இருக்கிறோம்' என்பதுபோல ஒரு மேட்ச் ஆடிவிட்டுப் போனார்கள். சிம்பாப்வே வந்தது. கென்யாவும் வந்தது. மார்ச் 6ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் அந்தக் கென்யாவுக்கு எதிராக இலங்கை 398 ஓட்டங்கள் குவித்து அன்றைய உலக சாதனையைப் படைத்தது. அரவிந்த டி சில்வா மட்டும் 145. பதினொரு நாள் கழித்து லாகூரில் கிண்ணமே கையில்.

ஊர்ப் பெரியவர்கள் அந்த அஸ்கிரிய மேட்ச்சை இன்னும் சொல்வார்கள். அன்று கென்யா சின்ன அணி. தோற்கத்தான் வந்தது என்றும் சொல்லலாம். ஆனாலும் வந்தது. அவுஸ்திரேலியா தராத ஒன்றை அது இந்த ஊருக்குத் தந்தது: ஆடி எடுத்த வெற்றி.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது கண்டியில் ஊரடங்கு. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமானது. அன்றிரவே கொழும்பில் இலங்கை–இந்திய இருபது ஓவர் மேட்ச் திட்டமிட்டபடி நடந்தது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த இரவில் அங்கே சிக்ஸர் பறந்தது. எந்த விளையாட்டுக்காக ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்காகக் கூடாது என்பதில் காசும் பேசுகிறது. உதைபந்தாட்டத்தின் முதல் சுற்றில் அந்தக் காசு இல்லை.

மேசையில் முடியும் ஆட்டங்கள்

தெற்காசியாவின் உலகக் கிண்ண வரலாறே இப்படித்தான் தொடங்கியது. 1950இல் பிரேசிலில் நடந்த கிண்ணத்தின் முதல் சுற்றுக்கு இந்தியா தெரிவாகியிருந்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவின் பெயரும் இருந்தது. அணி போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடாததால்தான் போகவில்லை என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அப்போது இந்தியச் சம்மேளனம் சொன்ன காரணங்கள் அணித் தெரிவுச் சிக்கலும் பயிற்சி நேரக் குறைவும். வீரர்களின் கால் மீது போட்ட பழி, மேசையில் எடுத்த முடிவை மறைத்துவிட்டது. இன்று வரை தெற்காசிய நாடு எதுவும் ஆண்கள் உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை.

2023இலும் மேசைதான் முந்திக்கொண்டது. சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா ஜனவரியில் இலங்கையைத் தடை செய்தது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அந்த வருடத் தெற்காசியக் கிண்ணமும் கைவிட்டுப் போனது. ஒக்டோபரில் யேமனோடு முதல் சுற்று. வெளியூரில் 0–3, கொழும்பில் 1–1. ஏழு மாதம் சர்வதேசப் போட்டியே இல்லாத அணியிடம் வேறென்ன கேட்பது?

அந்தக் காகிதம் திறந்த கதவு

அப்படியானால் 2019இன் அந்த 3–0ஐ அழித்துவிடச் சொல்கிறோமா? இல்லை. அந்தக் காகிதம் திறந்த கதவு வழியாகத்தான் இலங்கை இரண்டாம் சுற்றுக்குப் போனது. கணக்கில் எடுத்த ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. தென் கொரியாவிடம் ஒரு தடவை 0–8. அடித்தது மொத்தம் இரண்டு கோல், வாங்கியது 23. ஆனால் அந்த இரண்டு கோல்களையும் பாருங்கள். 2021 ஜூன் 5, கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே தென் கொரியாவில், லெபனானுக்கு எதிராக, ஜெர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக் இரண்டையும் அடித்தார். 2–3 தோல்வி. அந்த இரண்டும் உண்மையான கோல், வலைக்குள் போன கோல்.

2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு ஆசியக் கிண்ணத் தகுதிக்கான தகராறு. இரண்டு ஆட்டமும் சமநிலை, கடைசியில் புனோம் பென்னில் பெனால்டியில் இலங்கை வென்றது. அதுவும் ஆடி எடுத்தது.

வரலாறு படிக்கிற பிள்ளைகளாக எங்கள் கோரிக்கை சின்னது. 2019ஐ எழுதும்போது '3–0' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஏப்ரல் 21ஐயும், வர விரும்பிய மக்காவு வீரர்களையும் பக்கத்தில் எழுதுங்கள். பூட்டானிடம் தோற்றதை வெட்கமில்லாமல் எழுதுங்கள். அடுத்த முதல் சுற்று வரும்போது கண்டியிலிருந்து கொழும்புக்கு மூன்றரை மணித்தியால பஸ்தான். தோட்டத்துப் பொடியன்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவோம். வந்த அணி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்கும் கை தட்டிவிட்டு வருவோம்.