கிளாரா சூமான்: மேடையும் வகுப்பறையும்

நூற்றாண்டு மலர் என்றதும் பழைய மாணவியராகிய நாம் அதிபர்களையும் கட்டடங்களையுமே முதலில் நினைவுகூருகிறோம். சங்கீத ரீச்சரைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. மிஷன் பாடசாலைகளோடு குடாநாட்டுக்கு வந்த பியானோ, பருத்தித்துறைப் பெண்பிள்ளைகளாகிய எமக்குப் பிரார்த்தனைக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. அதையே தொழிலாகக் கொண்டு ஒரு குடும்பத்தைத் தாங்கிய ஜேர்மனியப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை இங்கு தருகிறோம்.

கிளாரா 1819 இல் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக்கே அவரது குரு. ஒன்பது வயதில் மேடையேறிய அவர், பதினாறாவது வயதில் தாம் இயற்றிய பியானோ கொன்சேர்ட்டோவை மெண்டல்சனின் நெறியாள்கையில் வாசித்தார். இசையமைப்பாளர் ரொபேர்ட் சூமானை மணக்கத் தந்தை சம்மதிக்கவில்லை. நீதிமன்றம் வரை சென்று, 1840 இல் அவரை மணந்தார்.

1854 இல் கணவர் மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1856 இல் காலமானார். பெற்ற எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேர் அப்போது இருந்தனர். கிளாரா கச்சேரிகளால் அவர்களைக் காப்பாற்றினார். அதே 1856 இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்று வாசித்தார். பின்னர் பல தடவை அங்கு போனார். கணவரின் படைப்புகளை ஐரோப்பிய மேடைகளில் நிலைநிறுத்தியதும் அவரே.

1878 இல் பிராங்பேர்ட் நகரின் ஹொக் இசைக் கல்லூரியில் பியானோ ஆசிரியையானார். மகள்மார் மரியும் ஒய்கெனியும் துணையாசிரியைகளாயினர். 1891 இல் மேடையை விட்டார். மறு ஆண்டு வரை கல்லூரியில் கற்பித்த அவர், 1896 இல் மறைந்தார்.

கிளாரா வாசித்த ஒலிப்பதிவு எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் படித்த ஃபேனி டேவிஸ், அடலினா டி லாரா ஆகியோரின் இசைத்தட்டுகள் உள்ளன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நின்றவரின் வாசிப்பு முறையை நாம் இன்று அறிவது மாணவியர் வழியாகத்தான். ஜேர்மனி பின்னாளில் நூறு மார்க் நாணயத்தாளில் அவரது உருவத்தைப் பொறித்தது; பின்பக்கத்தில் ஒரு பியானோ இருந்தது.

எமது சங்கீத ஆசிரியைகளுக்கு நாணயத்தாள் வேண்டாம். அவர்கள் எங்கே கற்றார்கள், எத்தனை வருடம் படிப்பித்தார்கள், யாரை உருவாக்கினார்கள் என்பதாவது பதிவாக வேண்டும். விபரம் அறிந்த சகோதரிகள் எழுதித் தந்தால் எமது சங்கத்தின் ஏட்டில் சேர்த்துக்கொள்வோம்.