காணச் சென்றவர்களே காட்சியானபோது: பாரிஸில் திப்புவின் தூதர்கள்

அடையாற்றங்கரையில், பல்லாவரத்தை அடுத்திருக்கும் அனகாபுத்தூர் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குகிறது. மாநகராட்சி எனும் தகுதி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வூரின் கைத்திறன் கடல் கடந்து அறியப்பட்டிருந்தது. அங்குள்ள தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி, 'மெட்ராஸ் கைக்குட்டை' எனும் பெயரில் நைஜீரியச் சந்தைகளுக்குச் சென்றது. 1970களில் அந்நாடு இறக்குமதிக்குத் தடை விதித்தபின் அவ்வாணிபம் நலிந்தது. நெசவாளர் சிலர் வாழைநார், சணல் முதலிய இயற்கை இழைகளை நாடினர்.

அனகாபுத்தூரின் தறி, சோழமண்டலக் கரையின் மிக நீண்ட ஒரு வரலாற்றின் கடைசி அத்தியாயங்களுள் ஒன்று. அக்கரையின் பருத்தித் துணி ஐரோப்பாவை எவ்வளவு ஆட்டிவைத்தது என்பதற்கு பிரான்ஸே சான்று. உள்நாட்டு நெசவைக் காக்கவென்று 1686 முதல் 1759 வரை இந்திய அச்சுத் துணிகளை அந்நாடு தடைசெய்திருந்தது. தடை நீங்கியதற்கு மறு ஆண்டே வெர்சாய்க்கு அருகில் ழூய் எனும் ஊரில் நம் துணிகளின் சாயலில் பருத்தியில் அச்சிடும் பட்டறை தொடங்கிற்று. துணி இவ்வளவு தூரம் சென்றும், அதே கடல்வழியில் நம்மவர் சென்று அந்நகரங்களைக் கண்டு வந்தது அரிது. அவ்வாறு சென்ற ஒரு குழுவினரைப் பற்றியதே இக்கட்டுரை.

1787ஆம் ஆண்டு புதுச்சேரித் துறையிலிருந்து மைசூர் அரசர் திப்பு சுல்தானின் தூதர் மூவர் கப்பலேறினர். முஹம்மத் தர்வேஷ் கான், அக்பர் அலீ கான், முஹம்மத் உஸ்மான் கான் என்பன அவர்தம் பெயர்கள். ஏறத்தாழ ஓராண்டுக் கடற்பயணத்துக்குப்பின் 1788 ஜூன் மாதம் பிரான்ஸின் தென்கரைத் துறைமுகமான துலோனில் இறங்கினர். கணக்கிட்டுப் பார்த்தால் ஹிஜ்ரி 1202ஆம் ஆண்டின் ரமளான் பெரும்பாலும் அந்த ஜூன் மாதத்திலேயே அமைகிறது. கோடையின் நெடும்பகலில் சிறிதே இருளும் ஓர் அந்நிய நாட்டில் அவர்களுக்கு அம்மாதம் எவ்வாறு கழிந்திருக்கும் என எண்ணிப் பார்க்கையில் நம் மனம் சற்றே அங்கு நின்றுவிடுகிறது.

ஜூலையில் அவர்கள் பாரிஸை அடைந்தனர். நகரம் அவர்களைக் காணத் திரண்டது. அவர்கள் உடுத்திருந்த மென்மையான வெண் மஸ்லினும் பொன்பூ வேலைப்பாடும் பாரிஸ் மக்களின் கண்ணைப் பறித்தன. ஆப்பெரா அரங்குக்குச் சென்றால் மேடையைவிட அவர்களே காட்சியாயினர். விசிறிகளிலும் சட்டைப் பித்தான்களிலும் அவர்களின் உருவம் ஏறியது. செவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் ஓவியர் அசெலின், சேன்-க்ளூ பூங்காவில் அவர்கள் உலாவுவதையும் வேடிக்கை பார்க்கும் கூட்டம் சூழ்ந்து நிற்பதையும் ஒரு படமாகத் தீட்டினார். ஒரு நகரைக் காணச் செல்லும் பயணி அந்நகரின் காட்சிப் பொருளாகவே ஆகிவிடும் விந்தையை அப்படத்தைப் போல் விளக்குவது வேறில்லை.

1788 ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயி அவர்களுக்குப் பேட்டியளித்தார். ஹெர்க்குலிஸ் மண்டபம் எனப்படும் அந்த அறையை இன்றும் பயணிகள் கடந்து செல்கின்றனர். 1736இல் லெமுவான் நிறைவுசெய்த விதானச் சித்திரத்தை அண்ணாந்து நோக்கி, சுவரிலுள்ள வெரொனேஸின் பெரும் விருந்துக் காட்சியைப் படம்பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுகின்றனர். அவர்களுள் தமிழகத்திலிருந்து செல்வோரும் உண்டு. தென்னிந்தியாவின் தலைவிதியைப் பற்றிய ஒரு வேண்டுகோள் அங்கே முன்வைக்கப்பட்டது என்பதை அறிந்து நிற்போர் எத்தனை பேர்?

வேண்டுகோள் இதுதான்: ஆங்கிலேயருக்கு எதிரான போர் உடன்படிக்கை, பிரெஞ்சுப் படை. கூடவே திப்பு மற்றொன்றையும் கேட்டிருந்தார். துப்பாக்கி செய்வோர், கடிகாரம் செய்வோர், கண்ணாடி, பீங்கான் தொழிலாளர், நெசவாளர், மருத்துவர், செடிகளும் விதைகளும். இப்பட்டியலை நாம் மிக முக்கியமானதாகக் கருதுகிறோம். அதுவரை கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் துணி சென்றது. இம்மன்னரோ மேற்கின் கைத்திறன் தன் நாட்டுக்கு வரவேண்டும் என்கிறார். அவருடைய தூதர்கள் செவ்ர் பீங்கான் ஆலையையும் கோபலான் திரைச்சீலைப் பட்டறையையும் கண்டது வெறும் பொழுதுபோக்கன்று. அவற்றின் பொருள்களை வாங்குவோராக மட்டுமன்றி, அத்தொழிலைக் கொண்டுபோக வந்தோராகவும் அவர்கள் அங்கே நின்றனர்.

ஆயின் காலம் அவர்களுக்குச் சாதகமாயில்லை. பேட்டிக்கு இரு நாள் முன்னர், ஆகஸ்ட் 8 அன்று, நிதி நெருக்கடியால் மன்னர் மக்கள் பிரதிநிதி மன்றத்தைக் கூட்ட நாள் குறித்திருந்தார். பேட்டிக்கு ஆறு நாள் பின்னர், ஆகஸ்ட் 16 அன்று, கருவூலம் தன் கொடுப்பனவுகளை நிறுத்தி வைத்தது. அந்த மண்டபத்தின் பொன்னும் பளிங்கும் திவாலாகிக்கொண்டிருந்த ஓர் அரசின் திரை. 1783இல் ஆங்கிலேயருடன் செய்த சமாதானத்தை முறிக்க லூயிக்குத் துணிவுமில்லை, பணமுமில்லை. ஆகவே கேட்டது கிடைக்கவில்லை. கேளாதவை நிறையக் கிடைத்தன. விருந்துகள், நாடகங்கள், தோட்ட உலாக்கள், அழகிய செவ்ர் பீங்கான் பரிசுகள். கைவினைஞர் சிலர் அனுப்பப்பட்டனர் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் மறுக்க விரும்பும் விருந்தோம்பி தன் விருந்தினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதில் தனி ஊக்கம் கொள்வார் என்பதை அந்தக் கோடைகாலம் காட்டுகிறது.

இத்தூதர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சித்திரங்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர் தீட்டியவை, பிரெஞ்சுக்காரர் எழுதியவை. அவற்றுள் அரசியின் ஓவியரான எலிசபெத் விஜே லெ ப்ருன் தம் முதுமையில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள் சுவையானவை. ஆப்பெராவில் தூதர்களைக் கண்ட அம்மையார் அவர்களை வரைய விழைந்தார். மன்னர் கேட்டுக்கொண்டாலன்றி இணங்கோம் என்றனர் தூதர். மன்னரும் கேட்டார். ஓவியர் அவர்தம் இல்லத்துக்குச் சென்றபோது கைகளில் பன்னீர் தெளித்து வரவேற்றனர். தர்வேஷ் கான் வாளின்மேல் கை வைத்து நிமிர்ந்து நின்றார். உஸ்மான் கான் தம் மகனோடு வரையப்பட்டார்.

ஓவியம் உலரட்டும் என்று விட்டுச்சென்ற அம்மையார் பின்னர் அதைக் கேட்டனுப்பினார். தர்வேஷ் கான் தரவில்லை. அதைத் தம் கட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, இதற்கு ஓர் உயிர் தேவை என்று கூறிவிட்டாராம். இறுதியில் திருட்டுத்தனமாகவே படத்தை வெளியே கொண்டுவர நேர்ந்தது. ஐயம் தம் பணியாள்மேல் விழ, அவனைக் கொல்லவும் தூதர் சினந்தெழுந்தாராம். பாரிஸில் பணியாளரைக் கொல்லும் வழக்கமில்லை என்று விளக்கி, படம் மன்னருக்கு வேண்டியிருந்தது என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் சமாளித்தார் என்கிறார் அம்மையார்.

கிழக்கத்தியரின் விசித்திரக் குணம் என்று அந்நாட்டு வாசகர் இதைப் படித்து நகைத்திருப்பர். நம் வாசகருக்கு அந்த 'உயிர்' எனும் சொல் வேறுவிதமாக ஒலிக்கும். உருவம் படைத்தோர் மறுமையில் அதற்கு உயிரூட்டுமாறு பணிக்கப்படுவர், அவர்களால் அது இயலாது எனும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. தர்வேஷ் கான் அதையே நினைந்து கூறினார் என்பது நம் ஊகம். இதற்கு மாறாகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் பெற்ற வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் மனித உருவங்களோடு தீட்டச் செய்தவர் திப்பு சுல்தானே. ஆகவே உருவம் கூடாது எனும் கொள்கை மட்டுமே தூதரை அவ்வாறு செய்யத் தூண்டியது எனக் கூற இயலாது. மாதக்கணக்கில் ஊர் முழுவதும் தம்மை வெறித்து நோக்கிய பின், தம் உருவத்தையேனும் பிறர் பார்வைக்கு விடாமல் வைத்துக்கொள்ள அவர் எண்ணியிருக்கலாம். அத்தனை பிரெஞ்சுக் குறிப்புகளுக்கிடையே அவருடைய சொந்தக் குரல் நம் செவியில் விழும் இடம் அது என்றே நாம் கொள்கிறோம்.

அவ்வாண்டின் இறுதியில் ப்ரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட தூதர்கள் 1789இல் மீண்டும் புதுச்சேரி வந்தனர். வெறுங்கையோடு வந்ததாலோ, கண்ட நகரின் சிறப்பை அளவுமீறிப் புகழ்ந்ததாலோ அவருள் இருவரைத் திப்பு கொல்வித்தார் என்று ஐரோப்பிய நூல்கள் கூறுகின்றன. திப்புவின் பகைவர்களும் அவரைக் கதைப்பொருளாக்கியோரும் எழுதியவற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. அவர்மீது கொண்ட அன்பினால் அப்படியே மறுப்பதற்கும் இல்லை.

தூதர்கள் கரையிறங்கிய அதே ஆண்டு ஜூலையில் பாஸ்டில் சிறை தகர்ந்தது. 1792இல் திப்பு தம் நாட்டில் பாதியையும், பிணையாகத் தம் மைந்தர் இருவரையும் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் அவர் வீரமரணம் எய்தினார். அவர் எதிர்நோக்கிய பிரெஞ்சுப் படை வரவேயில்லை.

தர்வேஷ் கானின் படம் 1789ஆம் ஆண்டுப் பாரிஸ் ஓவியக் காட்சியில் வைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் நியூயார்க்கில் சோதபிஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டபோது ஏறத்தாழ 72 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பொன்பூ வேய்ந்த வெண் மஸ்லினில், வாளின்மேல் கை வைத்து, யாரையும் நேரே நோக்காமல் அவர் அதில் நின்றுகொண்டிருக்கிறார்.